அப்பாவின் அம்புக்குறிகள்: ஒரு றங்குப் பெட்டியைத் திறந்து அட்டவணையிட்ட பதிவு

முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளையில் எங்கள் வீட்டின் பின்விறாந்தையில் இந்த வேலையை ஆனி மாதக் கடைசியில் தொடங்கினேன். வன்னியில் நனைந்த தாளை நம்பி உலர்த்தக்கூடிய காலம் சோளகம் என்னும் தென்மேல் காற்று வீசும் மாதங்கள்தான். ஐப்பசி பிறந்து வாடைமழை இறங்கிவிட்டால், உலர்ந்த புத்தகத்திலும் காற்றின் ஈரம் ஏறிப் பூஞ்சணம் மறுபடி எழும்பும்.

பெட்டி அப்பாவுடையது. 2008இன் இறுதியில் போரால் ஊரை விட்டு வெளியேறியபோது, எடுத்துச்செல்ல முடியாத புத்தகங்களை அவர் அந்தத் தகர றங்குப் பெட்டியில் அடுக்கி, இரண்டு உரப்பைகளால் சுற்றி, மாட்டுக்கொட்டிலின் மூலையில் புதைத்தார். மீள்குடியேறிய பின்னர் 2011இல் தோண்டி எடுத்தோம். தகரத்தின் அடிப்பக்கம் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. மேலே இருந்த நல்ல பிரதிகளை அப்பா எடுத்து வாசித்தார். கீழே ஒட்டிப்போயிருந்தவற்றைப் பிறகு பார்க்கலாம் என்று அப்படியே மூடி வைத்தார். அவர் காலமாகி இரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னரே எனக்கு அதைத் திறக்கும் மனம் வந்தது.

அப்பா 1970களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்தவர். 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகமாகத் தொடங்கிய அந்நிறுவனத்தின் முதல் தலைவராக இருந்தவர் இலக்கியத் திறனாய்வாளர் பேராசிரியர் க. கைலாசபதி. 1978இல் மற்றொரு திறனாய்வாளரான கார்த்திகேசு சிவத்தம்பியும் அங்கு வந்து சேர்ந்தார். 1979இல் வளாகம் தனிப் பல்கலைக்கழகமானபோது, பேராதனையில் இவர்கள் இருவருக்கும் ஆசிரியராக இருந்த சு. வித்தியானந்தன் முதல் துணைவேந்தரானார். ஆசிரியரும் அவருடைய மாணாக்கர் இருவரும் ஒரே நிறுவனத்தில் இருந்த அந்தச் சில ஆண்டுகளில்தான் அப்பா அங்கே மாணவராக இருந்தார். பெட்டியில் இருந்தவற்றுள் பெரும்பகுதி அந்த இருவரின் நூல்களும், அவர்கள் எழுதிய சஞ்சிகைகளும், அப்பாவின் விரிவுரைக் கொப்பிகளும் என்பது முதல் நாளிலேயே தெரிந்தது. ஓரங்களில் அவர் பென்சிலால் இட்டிருந்த குறிகள் ஒருவரின் நூலிலிருந்து மற்றவரின் நூலைச் சுட்டுபவை என்பது சரியாகத் தெரிய ஒரு மாதம் சென்றது.

முதலில் தாளைக் காப்பாற்றிய விதத்தைச் சொல்லிவிடுகிறேன்; என்னைப் போலப் புதைத்த பெட்டியோடு இருக்கும் குடும்பங்கள் இங்கே பல உள்ளன. பூஞ்சணம் பிடித்த புத்தகத்தை உடனே தட்டவோ ஊதவோ கூடாது, ஏனெனில் அதன் தூள் மூச்சுக்குள்ளும் மற்றப் புத்தகங்களுக்குள்ளும் போகும். முகக்கவசமும் கையுறையும் அணிந்து, புத்தகங்களை நிழலில், காற்றோட்டத்தில், விசிறிபோல் சற்று விரித்து நிற்கவைத்தேன். வெயிலில் வைக்க வேண்டாம் என்று முன்பே வாசித்திருந்தும், முதல் நாள் அவசரத்தில் ஒரு சஞ்சிகையை முற்றத்தில் பரப்பிவிட்டேன். ஒரு மணித்தியாலத்துக்குள் அட்டை வளைந்து, தாள் மஞ்சளாகி, ஓரம் நொறுங்கத் தொடங்கியது. பக்கங்களுக்கு இடையில் செய்தித்தாள் வைத்ததும் தவறாகவே முடிந்தது; அதன் மை ஈரத்தில் இளகிப் பதிந்துவிட்டது. அதற்குப் பிறகு அச்சிடாத வெள்ளைத் தாளையே வைத்து, காலையும் மாலையும் மாற்றினேன். நன்றாக உலர்ந்ததும் பூஞ்சணம் தூளாகிவிடும். அதை மென்மையான தூரிகையால், முதுகுப் பக்கத்திலிருந்து வெளியோரம் நோக்கி மட்டும், வீட்டுக்கு வெளியே நின்று துடைத்தேன்.

சஞ்சிகைகளின் கம்பித் தையல் துருவாகிப் போயிருந்தது. இழுத்தால் தாள் கிழியும். நடுப் பக்கத்தில் மெல்லிய கத்தியின் முனையால் கம்பியின் இரு கால்களையும் நிமிர்த்தி, பின்புறமாக மெல்லத் தள்ளி எடுத்தேன். பின்னர் அதே துளைகளின் வழியே பருத்தி நூலால் தைத்தேன். கிழிசல்களுக்கு ஒட்டுநாடா ஒட்டவில்லை. அதன் பசை சில ஆண்டுகளில் பழுப்பாகி எழுத்தையே மறைத்துவிடும். கோதுமை மாவைப் பிசைந்து தண்ணீருக்குள் கழுவி, அடியில் படிந்த மாப்பொருளை மட்டும் எடுத்து, ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர் விட்டு, கண்ணாடிபோல் தெளியும் வரை காய்ச்சி, துணியால் வடித்த பசையையே பயன்படுத்தினேன். பூச்சி வராமல் இருக்கச் சிறிது மயில்துத்தம் (செம்புச் சல்பேற்று) போடச் சொன்னார் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. பழைய காலத்தில் அதுதான் வழக்கம். ஆனால் செம்பு தாளின் நாரை விரைவாகச் சிதைக்கும். அதனால் பசையைச் சிறிதளவாகக் காய்ச்சி, இரண்டு நாட்களுக்குள் முடித்துக்கொண்டேன்.

இழப்புகளும் உண்டு. வழுவழுப்பான தாளில் அச்சிட்ட அட்டைகள் நனைந்து உலர்ந்தபோது ஒன்றோடொன்று உருகியதுபோல் ஒட்டிவிட்டன, அவற்றைப் பிரிக்க வழியே இல்லை. எழுத்தாளர்களின் முகங்களை அட்டையில் தாங்கி வந்த ‘மல்லிகை’ சஞ்சிகையின் இதழ்கள் சில இப்படி முகமிழந்தன. அதைவிட எனக்கு வலித்தது விரிவுரைக் கொப்பிகளின் நிலை. அப்பா ஊற்றுப்பேனையால் எழுதியவர். நீல மை முழுவதும் கரைந்து, பக்கத்துக்குப் பக்கம் மேகம்போல் படர்ந்திருந்தது. கைலாசபதியின் வகுப்பில் அவர் என்ன குறித்துக்கொண்டார் என்பதை இனி யாரும் வாசிக்க முடியாது. ஆனால் பென்சில் கரையவில்லை. பென்சிலின் காரீயம் தண்ணீரில் கரையாத கரிப்பொருள் என்பதால், மை அழிந்த பக்கங்களிலும் ஓரத்துக் குறிகள் அப்படியே நின்றன. இந்த ஆய்வுக்கு எனக்குக் கிடைத்த முழு ஆதாரமும் அந்தப் பென்சிலே.

குறிகள் சின்னஞ்சிறியவை. ஓர் அம்புக்குறி, ஓர் எழுத்து அல்லது இரண்டு, ஒரு பக்க எண், அவ்வளவே. மங்கியவற்றை வாசிக்க விளக்கை அணைத்துவிட்டு, கைவிளக்கைப் பக்கத்தின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் பிடித்தேன். பென்சில் அழுத்திய பள்ளம் நிழலாகத் தெரியும். படம் எடுக்கும்போது மெல்லிய தாளின் மறுபக்க எழுத்து ஊடுருவித் தெரியாமலிருக்கப் பின்னால் ஒரு கறுப்பு மட்டையைச் செருகினேன். எழுத்துணரி மென்பொருளிடம் கொடுத்தபோது அது பல இடங்களில் தடுமாறியது; இந்நூல்கள் பழைய எழுத்து வடிவில் அச்சானவை. 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முந்திய நூல்களில் ணை, லை, ளை, னை ஆகியவை துதிக்கைபோல் வளைந்த கொம்போடும், ணா, றா, னா ஆகியவை கூட்டெழுத்தாகவும் வரும். இலங்கை அச்சகங்கள் அந்த அச்செழுத்துகளை அதற்குப் பின்னும் வைத்திருந்தன. ஆகவே தேவையான பந்திகளைக் கையாலேயே தட்டச்சுச் செய்தேன்.

அட்டவணையில் ஆறு நிரல்கள் வைத்தேன்: குறி உள்ள நூல், அதன் பக்கம், குறியெழுத்து, சுட்டப்பட்ட பக்கம், சுட்டப்பட்ட நூல் எது என்ற என் கணிப்பு, அந்தக் கணிப்பில் எனக்குள்ள உறுதி (மூன்றுக்கு எத்தனை என்று). கடைசி நிரல் இல்லாதிருந்தால் இந்த ஆய்வு பிழையிலேயே முடிந்திருக்கும். சிவத்தம்பியின் நூல்களில் ‘கை’ என்றும் கைலாசபதியின் நூல்களில் ‘சி’ என்றும் கண்டபோது, ஒருவரை வாசிக்கும்போது அப்பா மற்றவரைச் சுட்டியிருக்கிறார் என்று மகிழ்ந்து, மூன்று வாரங்களில் இருநூறுக்கு மேற்பட்ட குறிகளைப் பதிந்தேன். பிறகு சுட்டிய பக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், பாதிக்கு மேல் பொருந்தவில்லை. காரணங்கள் இரண்டு. ஒன்று, ‘சி’ சில இடங்களில் சிலப்பதிகாரம். சிவத்தம்பியைக் குறிக்கும்போது மட்டும் அப்பா எழுத்தின் பின் ஒரு புள்ளி இட்டிருந்தார். அந்தப் புள்ளியை நான் தாளின் கறை என்று எண்ணிவிட்டேன். மற்றது, நான் ஒப்பிட்டது மறுபதிப்புகளோடு. முதற்பதிப்பின் பக்க எண் மறுபதிப்பில் வேறாக வரும். 2005 முதல் ஈழத்து நூல்களை மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் வலைத்தளத்திலும், நண்பர்களின் அலமாரிகளிலும் அப்பா வைத்திருந்த அதே பதிப்புகளைத் தேடிச் சேர்க்க மேலும் ஒரு மாதம் சென்றது. அதன் பின் எஞ்சிய உறுதியான குறிகள் தொண்ணூற்றொன்று.

அந்தத் தொண்ணூற்றொன்றும் எல்லா நூல்களிலும் பரவிக் கிடக்கவில்லை. பெரும்பாலானவை இரண்டு சோடி நூல்களைச் சுற்றியே அடர்ந்திருந்தன. முதற் சோடி, 1967இல் வந்த சிவத்தம்பியின் ‘தமிழில் சிறுகதையின் தோற்றமும் வளர்ச்சியும்’, 1968இல் வந்த கைலாசபதியின் ‘தமிழ் நாவல் இலக்கியம்’. ஒருவர் சிறுகதையை எடுத்தார், மற்றவர் நாவலை எடுத்தார். இருவரும் கேட்ட கேள்வி ஒன்றே. ஓர் இலக்கிய வடிவம் ஏன் அந்தக் காலத்தில், அந்தச் சமூகத்தில் பிறந்தது என்பதே அக்கேள்வி. ஆசிரியரின் மேதைமையையும் சொல்லின் நயத்தையும் மட்டும் பேசிவந்த திறனாய்வுக்கு அந்த இரண்டு நூல்களும் ஓராண்டு இடைவெளியில் வந்து சேர்ந்ததை நான் தற்செயலாக எண்ணவில்லை. 1960களின் தொடக்கத்தில், மக்களின் பேச்சுமொழியில் எழுதுவதை இழிசனர் வழக்கு என்று மரபுவாதிகள் கண்டித்தபோது, முற்போக்கு எழுத்தாளர்களின் பக்கம் நின்று வாதாடியவர்கள் இவர்கள். அந்த வாதத்துக்கு வரலாற்று அடித்தளம் வேண்டியிருந்தது. இருவரும் அதன் இரு பக்கங்களைக் கட்டினார்கள் என்பதே என் வாசிப்பு.

இரண்டாம் சோடிதான் என்னை அதிக நாள் பிடித்து வைத்தது. இருவரும் பேராதனையில் 1950களில் ஒன்றாகப் படித்தவர்கள். கைலாசபதி 1959 முதல் 1961 வரை தினகரன் ஆசிரியராக இருந்து, பின்னர் பேர்மிங்காம் சென்று, கிரேக்கப் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்தார். அந்த ஆய்வே சங்கப் பாடல்களை வீரயுகப் பாடல்களாகக் காட்டும் ஆங்கில நூலாக 1968இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக வந்தது. சிவத்தம்பியும் அதே பேர்மிங்காமில், அதே தொம்சனிடம், 1970இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் என்ற அந்த ஆய்வு 1981இல் நூலாயிற்று. தொம்சன் கிரேக்க நாடகத்தின் சமூகத் தோற்றத்தை ஆராய்ந்தவர். அயர்லாந்துக் கரைக்கு அப்பாலுள்ள பிளாஸ்கெட் தீவில் மீனவர்களிடம் ஐரிஷ் மொழியைக் கற்று, வாய்மொழி மரபை உயிரோடு கேட்டவர். அவரிடம் போன முதலாமவர் பாணரின் பாட்டை எடுத்துக்கொண்டார். இரண்டாமவர் கூத்தரின் ஆட்டத்தை எடுத்துக்கொண்டார். சங்கப் பாடல்களில் பாணரும் பொருநரும் கூத்தரும் விறலியரும் ஒரே முற்றத்தில், ஒரே புரவலன் முன் நிற்பவர்கள். அவர்களைப் பிரித்து இருவர் பங்கிட்டு ஆராய்ந்திருக்கிறார்கள் என்பதை அப்பாவின் அம்புக்குறிகள் இல்லாமல் நான் கவனித்திருக்க மாட்டேன்.

ஒக்ஸ்போர்ட் நூலின் பிரதி அப்பாவிடம் இருந்ததில்லை. பல்கலைக்கழக நூலகத்தில் அமர்ந்து அத்தியாயம் அத்தியாயமாகக் கையால் எழுதி எடுத்த மூன்று கொப்பிகள்தான் இருந்தன. நல்லவேளையாக, அவை பென்சிலால் எழுதப்பட்டவை. வாய்மொழிப் பாடகன் நிலையான சொற்றொடர்களைக் கையிருப்பாக வைத்துக்கொண்டு பாடும்போதே பாட்டைக் கட்டுகிறான் என்ற பகுதிக்கு எதிரே அப்பா எழுதியிருந்தார்: ‘அண்ணாவியாரைக் கேட்க வேண்டும்.’

அண்ணாவியார் என்பவர் கூத்துப் பழக்கும் ஆசான். அப்பா கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கப் போனேன். முள்ளியவளையில் கோவலன் கூத்து ஆடிப் பழகிய, எண்பதைத் தாண்டிய அண்ணாவியார் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் இரண்டு மாலைகள் இருந்தேன்.

“ஆடிக்கொண்டிருக்கேக்க பாட்டு மறந்துபோனா என்ன செய்வியள், ஐயா?”

“மறக்கிற இடத்திலை தாளம் விடாது, பிள்ளை. அந்தத் தாளத்துக்கு வாற சொல்லு நாக்கிலை நிக்கும். அதைப் போட்டு அடுத்த அடிக்குப் போயிடுவன். சபைக்குத் தெரியாது.”

“அப்ப ஒவ்வொரு நாளும் பாட்டு வேறையா?”

“எப்பிடி வேறையாகும்? கொப்பி இருக்கெல்லே. மேளத்தடியிலை கொப்பி பாக்கிறவர் இருப்பார்.”

இந்த இரண்டாவது பதிலை நான் அட்டவணையின் அடியில் குறிப்பாக அப்படியே எழுதினேன். நாக்கில் நிற்கும் சொல்லைப் போட்டுத் தாண்டுவது கைலாசபதி காட்டிய முறைக்கு நெருக்கமானது. ஆனால் கொப்பி பார்க்க ஒருவர் இருக்கும் மரபு வாய்மொழியாகவே பாட்டுக் கட்டும் மரபு ஆகாது. சங்கப் பாடல்கள் வாய்மொழிப் பாடல்கள் என்ற கருத்தைப் பின்வந்த ஆய்வாளர்கள் சிலர் ஏற்கவும் இல்லை. எங்கள் ஊர்க் கூத்தை அவருடைய கொள்கைக்குச் சான்றாக நிறுத்த எனக்கு ஆசை இருந்தது. கிடைத்தது அரைச் சான்றுதான். எனினும், பாட்டையும் ஆட்டத்தையும் தனித்தனியாகக் கேட்க முடியாது என்பது அந்தத் திண்ணையில் எனக்கு உறைத்தது. அண்ணாவியார் அடியைச் சொல்லிக் காட்டும் ஒவ்வொரு முறையும் கால் தானாக எழுந்தது. இருவரின் நூல்களையும் அப்பா அருகருகே திறந்து வைத்து வாசித்ததற்கான காரணம் இதுவாக இருக்கலாம்.

சிவத்தம்பியின் திணைக் கட்டுரைக்கும் வன்னியில் ஒரு வேலை இருந்தது. 1974இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அந்தக் கட்டுரை, ஐந்திணையை வெறும் கவிதை மரபாகக் கொள்ளாமல், சமனற்று வளர்ந்த பொருளாதார வாழ்க்கைகள் ஒரே காலத்தில் அருகருகே இருந்ததன் பதிவாகப் பார்க்கிறது. முள்ளியவளையிலிருந்து சைக்கிளில் புறப்பட்டால் காட்டோரத்தில் காடு வெட்டிச் செய்யும் சேனைப் பயிர், மாட்டுப் பட்டி, குளத்துக்குக் கீழ் வயல், வற்றாப்பளைக்கு அப்பால் நந்திக்கடல் களப்பு, அதற்கும் அப்பால் முல்லைத்தீவின் பாடு வலைகள் என எல்லாம் ஒரு காலைப் பொழுதுக்குள் கடந்துபோகும். அப்பாவின் பிரதியில் அந்தப் பகுதிக்கு எதிரே ஊர்ப் பெயர்கள் ஐந்து மட்டும் எழுதியிருந்தார். அவற்றை வரைபடத்தில் குறித்த பின்னரே, அவர் திணைகளை எங்கள் சுற்றுவட்டத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார் என்பது விளங்கியது.

ஒரு விடயத்தை இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும். அப்பாவின் அம்புக்குறி ஒரு மாணவன் இரு ஆசிரியர்களையும் எப்படிச் சேர்த்து வாசித்தான் என்பதற்கே ஆதாரம். அவர்களின் நட்புக்கு அது நேரடி ஆதாரமாகாது. நட்பை எடைபோட நான் எடுத்துக்கொண்டது அவர்களின் வாழ்க்கையில் யாவரும் அறிந்த வேறொரு செய்தி. 1960களில் இலங்கைக் கம்யூனிஸ்ட் இயக்கம் பீக்கிங் சார்பு, மொஸ்கோ சார்பு என உடைந்தபோது கைலாசபதி முதலாவதன் பக்கமும் சிவத்தம்பி இரண்டாவதன் பக்கமும் நின்றனர். அந்தப் பிளவு வீடுகளையும் தொழிற்சங்கங்களையும் எழுத்தாளர்களையும் பிரித்தது. இவர்களுடைய ஆய்வுகளை அது பிரிக்கவில்லை. முதற் சோடி நூல்களும், ஒரே ஆசிரியரிடம் செய்த ஆய்வுகளும், யாழ்ப்பாணத்தில் ஒரே பல்கலைக்கழகத்தில் இருந்த ஆண்டுகளும் அந்தப் பிளவுக்குப் பின்னர் வந்தவை. கட்சியில் எதிரெதிரே நின்ற இருவர் ஆய்வில் ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடங்கினார்கள் என்றால், அதற்குக் கொள்கை ஒற்றுமையைவிடப் பெரிய ஏதோ ஒன்று வேண்டும். அதை நட்பு என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

கைலாசபதி 1982 டிசம்பர் 6ஆம் திகதி, ஐம்பது வயது நிறையும் முன்னரே காலமானார். சிவத்தம்பி அதன் பின் இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 2011 ஜூலை 6ஆம் திகதி மறைந்தார்; நாங்கள் பெட்டியைத் தோண்டி எடுத்த அதே ஆண்டு. அப்பாவின் குறிகளை ஆண்டு வரிசையில் அடுக்கியபோது, 1982இற்குப் பின் வெளியான நூல்களில் அவை குறைந்திருக்கும் என்று எதிர்பார்த்தேன். 1988இல் வந்த சிவத்தம்பியின் ‘தமிழில் இலக்கிய வரலாறு’ அதற்கு மாறாக இருந்தது. இலக்கிய வரலாறு எழுதும் முறையையே கேள்விக்கு உட்படுத்தும் அந்த நூலில் ‘கை’ என்ற குறி பதினாறு இடங்களில் உண்டு. பன்னிரண்டில் பக்க எண் இருக்கிறது. பெரும்பாலும் கைலாசபதியின் ‘ஒப்பியல் இலக்கியம்’, ‘சமூகவியலும் இலக்கியமும்’ ஆகியவற்றின் பக்கங்கள். நான்கில் குறியும் அம்பும் மட்டும் உள்ளன. அவை சுட்டும் பக்க எண் எங்காவது மங்கிப் போயிருக்குமோ என்று சாய்வொளியில் பலமுறை பார்த்தேன். பள்ளமே இல்லை, அவர் எண் எழுதவில்லை. கைலாசபதி எழுதாமற் போன பக்கத்தை அப்பா சுட்டினாரா, அல்லது பிறகு தேடி எழுதலாம் என்று விட்டாரா என்பதை என்னால் தீர்மானிக்க முடியவில்லை. அந்த நான்கு வரிகளிலும் சுட்டப்பட்ட பக்கம் என்ற நிரலை வெறுமையாகவே விட்டு, உறுதி நிரலில் மூன்றுக்கு மூன்று இட்டேன். வெறுமை என்பதில் எனக்கு ஐயமில்லை.

இப்போது புரட்டாதி நடுப்பகுதி. முப்பத்தொரு நூல்களும் கொப்பிகளும் சீர்செய்யப்பட்டு, ஒவ்வொன்றும் வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றப்பட்டு, தரையிலிருந்து இரண்டடி உயரமுள்ள பலகைத் தட்டில் நிற்கின்றன. கறையான் ஏறாதிருக்கத் தட்டின் கால்களை எண்ணெய் ஊற்றிய சிரட்டைகளில் நிறுத்தியிருக்கிறேன். படங்களும் அட்டவணையும் மூன்று இடங்களில் பிரதி செய்யப்பட்டுள்ளன. ஒன்று மட்டும் இன்னும் திறக்கப்படவில்லை: கைலாசபதியின் ‘பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்’, அப்பாவின் 1966ஆம் ஆண்டுப் பிரதி. அதன் நடுப்பகுதி கல்போல் இறுகியிருக்கிறது. ஓரத்தில் பென்சில் தெரிகிறது, எழுத்துத் தெரியவில்லை. ஈரத்துணிகளுக்கு இடையில் வைத்து மெல்ல இளக்கலாம் என்று படித்திருக்கிறேன், ஆனால் இளக்கிய தாளை உலர்த்த வரும் மாதங்களின் ஈரக்காற்று உதவாது. அதை அடுத்த சோளகத்துக்கு வைத்திருக்கிறேன்.